பின்சீட்டு இல்லாத கார்

முந்திரிக்கொட்டை வறுக்கும் கொட்டகையின் கடைக்கோடியில், சாக்கு மூட்டைகளுக்கும் உடைந்த பரம்புப் பலகைக்கும் பின்னால், அந்தக் கார் ஏழு வருஷமாகக் கிடந்தது. நாலு சக்கரத்திலும் காற்று இல்லை. முன்பக்க மூடியின்மேல் கோழிகள் அடைந்து அடைந்து எச்சம் வெள்ளையாக ஒரு மேடு தட்டியிருந்தது. இருந்த ரெண்டு சீட்டின் தோலையும் எலி கடித்து, உள்ளே இருந்ததை வெளியே இழுத்துப் போட்டிருந்தது. மூக்கில் மட்டும் எட்டு மூலை வைத்த சின்னத் தகடு ஒன்று, அதில் எம்.ஜி. என்ற இங்கிலீஷ் எழுத்து, துணியால் துடைத்தால் இன்னும் பளிச்சென்று தெரியும்.

ஆண்டிமடத்துக்கு மேற்கே உள்ள மேலக்காட்டில் அதற்குக் கல்லுத்தொரை வண்டி என்று பேர். அரியலூர்ப் பக்கத்து ஓடைகளில் நத்தை மாதிரியும் சங்கு மாதிரியும் கிடக்கிற கற்களைப் பொறுக்கிப் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர், அமிர்தலிங்கத்தின் முந்திரித் தோப்பில் கூடாரம் போட்டு ரெண்டு வருஷம் தங்கியிருந்தார். சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்த வண்டி அது. சண்டை ஆரம்பித்ததும் பட்டாளத்துக்குப் போனார். போகிற அன்று சாவியை அமிர்தலிங்கத்தின் கையில் வைத்து, வந்தால் எனக்கு, வராவிட்டால் உனக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். ஆப்பிரிக்காவில் செத்துப்போனதாகப் பிறகு தாசில்தார் ஆபீசில் சொன்னார்கள்.

அமிர்தலிங்கத்துக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஏரிக்குக் கீழே நஞ்சை, மேட்டில் தோப்பு, ஊரில் முதல் குடித்தனம். தொரை அவரை ஒரே ஒரு தடவை அந்தக் காரில் கங்கைகொண்ட சோழபுரம் வரைக்கும் கூட்டிப்போய்க் கூட்டி வந்திருந்தார். எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் அந்தப் பேச்சு வந்துவிடும். "காத்து மூஞ்சியில அடிச்சுது பாருங்க, கண்ணத் தொறக்க முடியல" என்பார். பழைய இரும்புக்காரன் ரெண்டு தடவை வந்து கேட்டும் அவர் கொடுக்கவில்லை. ஓட்டவும் வழி தெரியவில்லை, தூக்கிப்போடவும் மனசு வரவில்லை.

சண்டை முடிந்த மறு வருஷம், நாற்பத்தாறு மாசி மாசத்தில், பூமாலை பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தான். தெற்குத்தெருப் பாவாடையின் மகன். பாவாடை அமிர்தலிங்கத்தின் பண்ணையில் ஏர் பிடிக்கிறவர். பூமாலையின் பெண்டாட்டி அம்சவள்ளி, அதே கொட்டகையில் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். அஸ்ஸாம் காட்டில் மூன்று வருஷம் ராணுவ லாரிகளைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியும் ஒரு ஜோடி பூட்சுமாக அவன் வந்து இறங்கினான்.

வந்த மூன்றாம் நாள் பாவாடை மகனை அழைத்துக்கொண்டு ஆண்டை வீட்டுப் பின்கட்டுக்குப் போனார். தொழுவத்து ஓரமாக நின்றார்கள். அமிர்தலிங்கம் பல் துலக்கிவிட்டு வந்தார்.

"வந்துட்டியாடா. ஒடம்பு தேவலையா?"

"நல்லா இருக்கேன் சார்."

பாவாடைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆண்டே என்று சொல்ல வேண்டிய இடத்தில் மகன் சார் என்கிறான். கூட்டி வரும்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அமிர்தலிங்கம் லேசாகச் சிரித்தார். "சாரா? சரி, பட்டாளத்துப் பழக்கம். ஏர் புடிக்கிறது ஞாபகம் இருக்கா, அதையும் அங்கயே விட்டுட்டு வந்துட்டியா? ஒங்கப்பனுக்கு முன்ன மாதிரி முடியல. ஆடியில வெதைக்கணும்."

"ஞாபகம் இருக்குது சார். ஆனா அந்த வேலைக்கு வரலாம்னு இல்ல. ரோட்டு முக்குல ஒரு மோட்டார் ஷெட்டு போடலாம்னு பாக்கறேன். இந்த வழியா போற பஸ்ஸு, லாரி எல்லாம் நடுவழியில நின்னுபோவுது. ஒரு ரிப்பேர்னா விருத்தாசலத்துலேருந்து ஆளு வரணும்."

"முக்குல இருக்கற எடம் யாருதுன்னு தெரியுமாடா?"

"ஒங்களுதுங்க. அதான் ஒங்கள்ட்ட வந்து கேக்கறேன்."

பாவாடை வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லி மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். அமிர்தலிங்கம் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பூமாலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வா" என்று கொட்டகைக்கு நடந்தார். சாக்கை விலக்கிக் காரைக் காட்டினார்.

"இத ஓட்டிக் காட்டு. ஓடிச்சுன்னா முக்கு எடத்துல ஷெட்டு போட்டுக்க, நான் குறுக்க வர மாட்டேன். ஓடலன்னா ஆடி ஒழவுக்கு வந்து நின்னுடணும். என்னா சொல்ற?"

பூமாலை காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். மண்டியிட்டு அடியில் பார்த்தான். எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி, நுனியை விரலில் தேய்த்து மோந்து பார்த்தான்.

"ஓடும் சார்" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அம்சவள்ளி கேழ்வரகுக் கூழைக் கரைத்து, சுட்ட கருவாட்டை ஓரத்தில் வைத்து நீட்டினாள். விஷயம் அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"எஞ்சின் சுத்துதா மாமா?"

"சுத்தல. உள்ள துரு ஏறி இறுகிக் கெடக்குது."

"அப்பறம் எப்படி ஓடும்னு சொன்ன?"

"சுத்த வெச்சா ஓடிட்டுப் போவுது."

அவள் சிரித்துவிட்டாள். பாவாடைக்குத்தான் கூழ் இறங்கவில்லை. "சிரிங்க, ரெண்டு பேரும் சிரிங்க. வூடு இருக்கற மண்ணு அவருது. நாளைக்கி இது ஓடலன்னா ஊரே சிரிக்கும்."

"ஓடலன்னா ஏர் புடிக்கிறேன்னு சொல்லிட்டேனேப்பா. அதுல என்னா நட்டம், ஒனக்கு ஒரு ஆளு கெடைக்கும்."

மறுநாளிலிருந்து வேலை ஆரம்பமாயிற்று. எஞ்சினின் நாலு துளையிலும் ஊற்ற எண்ணெய் வேண்டும் என்றான். மண்ணெண்ணெய் ரேஷனில் கொஞ்சம்தான் கிடைத்தது. அமிர்தலிங்கத்தின் மனைவி கமலவேணி வீட்டில் காய்ச்சி வைத்திருந்த ஆமணக்கெண்ணெயில் ஒரு சாடி கொடுத்தனுப்பினாள். "புள்ளைக்கி வயித்த சுத்தம் பண்றதுக்கு வெச்சிருந்தேன். வண்டிக்கும் கேக்குதான்னு பாரு" என்று சொல்லிவிட்டாளாம். ரெண்டு எண்ணெயையும் கலந்து ஊற்றி ஊறவிட்டான். தினமும் காலையில் முன்னால் கைப்பிடியை மாட்டி அழுத்திப் பார்ப்பான். அசையாது. எடுத்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பான். வறுக்கிற பெண்கள் புகைக்குள்ளிருந்து, "என்னா பட்டாளத்தாரே, இன்னிக்காச்சும் அசைஞ்சு குடுத்துச்சா?" என்பார்கள். "வெக்கப்படுது" என்பான்.

பங்குனி வெயிலில் ஒருநாள் கைப்பிடி கால்வாசி சுற்று இறங்கியது. பூமாலை யாரிடமும் சொல்லவில்லை. திருப்பி ஏற்றி, திருப்பி இறக்கி, மத்தியானத்துக்குள் முழுச் சுற்றும் சுற்ற வைத்துவிட்டான். அம்சவள்ளி மட்டும் கொட்டை உடைக்கிற கல்லிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகுதான் தெரிந்தது, இரும்பைவிட மரம் மோசம் என்று. வண்டியின் தகட்டுக்கு உள்ளே எலும்புக்கூடு மாதிரி மரச்சட்டம் வைத்திருந்தார்கள் சீமையில். அவ்வளவையும் கரையான் தின்று மண்ணாக்கியிருந்தது. கதவைத் தொட்டால் கையோடு வந்தது. ஆண்டிமடத்தில் மாட்டுவண்டி செய்கிற கொளஞ்சியப்பனை அழைத்து வந்தான். கொளஞ்சியப்பன் சட்டத்தின் மிச்சத்தை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார்.

"என்னா மரம்டா இது?"

"சீமை மரம். பேரு தெரியலங்க."

"நம்ம பூவரசுல செய்யலாம். வளைவுக்கு நல்லா இருக்கும், ஆணியும் கடிச்சுப் புடிக்கும். ஆனா ஒண்ணு, மோட்டாருக்கு நான் செஞ்சதில்ல."

"நானும் இந்த வண்டியப் பாத்ததில்லங்க. ரெண்டு பேரும் பாத்துக்கலாம்."

கொளஞ்சியப்பனுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. மக்கின சட்டத்தைத் தரையில் துண்டு துண்டாக அடுக்கி, சாக்பீசால் கோடு கிழித்துக்கொண்டு போனார். சித்திரை முழுக்க அவர் பட்டறையில் ரெண்டு சக்கர வண்டிக்கான ஆரக்கால்களுக்குப் பக்கத்தில் காரின் கதவு நிலையும் சாய்ந்து நின்றது.

கிளட்சைப் பிரித்தபோது பூமாலையே கொஞ்சம் திகைத்துப்போனான். ராணுவ லாரியில் அப்படி அவன் பார்த்ததில்லை. வட்டத் தகடு முழுக்கத் துளை, துளைக்குத் துளை தக்கை. மருந்து புட்டி மூடுகிற அதே தக்கை. எண்ணெயில் ஊறியே இருக்க வேண்டியது, காய்ந்து பொரிப்பொரியாக உதிர்ந்தது. ஜெயங்கொண்டத்து மருந்துக்கடையில் சொல்லிவைத்துப் பெரிய புட்டித் தக்கைகளாக ஒரு பை வாங்கி வந்தான். அவன் வெட்டினது ஒன்றும் ஒரே அளவாக வரவில்லை. நாலைந்தை வீணாக்கினான்.

"இங்க குடு மாமா" என்று அம்சவள்ளி பிடுங்கிக்கொண்டாள். பருப்பு சிதையாமல் தோல் உரிக்கிற சின்னக் கத்தியால், தக்கையை உருட்டி உருட்டி, துளைக்கு வைத்துப் பார்த்து வெட்டினாள். கொட்டைப் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருந்த கை அது. வெட்டினதை எண்ணெயில் போட்டாள்.

"மருந்துத் தக்கையில மலை மாதிரி வண்டி ஓடுமா?"

"ஓடும். சீமைக்காரனே அப்படித்தானே வெச்சிருக்கான்."

"அவனும் பொண்டாட்டிய விட்டுத்தான் வெட்டியிருப்பான்" என்றாள்.

வைகாசிக் கடைசியில் எஞ்சின் கிளம்பியது. முதலில் ரெண்டு தும்மல், ஒரு கறுப்புப் புகை, பிறகு கொட்டகையே அதிர ஒரு சத்தம். கோழிகள் சிதறி ஓடின. வறுக்கிற பெண்கள் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தார்கள். அமிர்தலிங்கம் மேல்துண்டுகூட இல்லாமல் ஓடி வந்து நின்றார். பூமாலைக்கும் தலை சுற்றித்தான் போயிற்று. அவர் பார்க்கிறார் என்று முடுக்கினான், இன்னும் முடுக்கினான். திடீரென்று முன்னாலிருந்து ஆவி பீறிட்டது. டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவன் அணைப்பதற்குள் எஞ்சின் தானாகவே நின்றுபோயிற்று.

பிரித்துப் பார்த்தான். தண்ணீர் போகிற குழாய் ஒன்றின் வளைவில் குளவி மண்ணை வைத்துக் கூடு கட்டியிருந்தது. ஏழு வருஷத்து மண், கல்லாக இறுகியிருந்தது. எல்லாக் குழாயிலும் கம்பி விட்டுப் பார்த்தவன் அந்த ஒன்றை விட்டுவிட்டான். தண்ணீர் ஓடாமல் சூடேறி, எஞ்சினின் தலைப்பாகம் ஒரு விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். பாவாடை ஏர்க்காலை எடுத்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தது, அவர் திட்டியிருந்தால் இருக்கிறதைவிட மோசமாக இருந்தது. அம்சவள்ளி சோளச் சோற்றைப் போட்டு, முருங்கைக்கீரையை மேலே வைத்தாள்.

"இத ஒட்ட வெக்க முடியாதா?"

"பித்தளை வெச்சு ஊத்தலாம். இங்க யாருகிட்டயும் அந்த அடுப்பு இல்ல. பட்டாளத்துல என்கூட இருந்த ஒருத்தன் திருச்சியில ஒரு பட்டறையில இருக்கான்."

"அப்ப திருச்சிக்கிப் போவோம். இதுக்கு ஏன் மூஞ்ச தூக்கி வெச்சிருக்க?"

"என் தப்பு அம்சு. அவசரப்பட்டுட்டேன்."

"ஆமா, ஒன் தப்புதான். சாப்புடு."

மறுநாள் அந்த இரும்புத் தலையைப் பழைய புடவையில் சுற்றி, சும்மாடு வைத்து அவள் தலையில் ஏற்றிக்கொண்டாள். அரியலூர் போகிற கரி பஸ்ஸில் கண்டக்டர் மறித்தார்.

"என்னாம்மா அது, இம்மாங் கனமா?"

"தலைங்க."

"யாரு தலை?"

"காரு தலைங்க."

பஸ்ஸே சிரித்தது. வாரியங்காவல் தாண்டியதும் பஸ் முக்கி முனகி நின்றுபோயிற்று. பின்னால் கரி எரிகிற உருளையில் காற்று ஏறவில்லை. பூமாலை இறங்கிப் போய் டிரைவருடன் சாம்பலைத் தள்ளி, அடைத்திருந்த குழாயைக் கழற்றித் தட்டி மாட்டினான். பஸ் கிளம்பியது. "ஊர்ப்பக்கமே இருக்கியா? எங்க?" என்று டிரைவர் கேட்டார். "மேலக்காட்டு முக்குலங்க. ஷெட்டு வரப்போவுது" என்று அம்சவள்ளி முந்திக்கொண்டு சொன்னாள். அரியலூரில் ரயிலேறித் திருச்சி போனார்கள். அங்கே கூட்டாளி ரெண்டு நாள் வைத்திருந்து வெடிப்பை அடைத்துக் கொடுத்தான். அந்த ரெண்டு நாளும் அம்சவள்ளி மலைக்கோட்டையைப் பார்க்கவில்லை, பட்டறையில் உட்கார்ந்து பித்தளை உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனி முடிவதற்குள் வண்டி முழுசாக நின்றது. பூவரசுச் சட்டத்தின்மேல் தகடு ஏறி, பச்சைச் சாயம் அடித்து, சீட்டுக்கு ஜெயங்கொண்டத்துச் சேணத் தையற்காரர் தோல் தைத்துக் கொடுத்திருந்தார். பெட்ரோலுக்கு ரேஷன் கூப்பனை அமிர்தலிங்கம் எப்படியோ தேடிப் பிடித்தார். இந்தத் தடவை பூமாலை முடுக்கிக் காட்டவில்லை. எஞ்சின் அடக்கமாக, விடாமல் ஓடியது.

அமிர்தலிங்கம் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். சுற்றி வந்து தடவிப் பார்த்தார். "நீ ஏறு. சோழபுரம் வரைக்கும் போயிட்டு வந்துருவோம். நான்..." என்று சொல்லிக்கொண்டே வண்டியின் பின்பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். பின்னால் சீட்டு இல்லை; தொரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போன அன்று அது அவருக்கு உறைக்கவே இல்லை. பெட்ரோல் டாங்கும் உபரிச் சக்கரமும்தான் இருந்தன. இருக்கிற ரெண்டு சீட்டும் ஒட்டிக்கொண்டு இருந்தன. உட்கார்ந்தால் தோளோடு தோள் இடிக்கும்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூமாலை ஓட்டும் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒண்ணு செய்யேன்" என்றார் அமிர்தலிங்கம். "நான் ஓட்டறேன். நீ படிமேல நின்னுக்கிட்டு சொல்லிக் குடு."

"முடியாது சார். பிரேக்கு உள்ள இருக்குது. நீங்க எங்கியாச்சும் உட்டீங்கன்னா நான் வெளியில நின்னு என்னா பண்றது?"

"சரி சரி. இன்னிக்கி நாள் நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

ரெண்டு நாள் அவர் கொட்டகைப் பக்கம் வரவில்லை. வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று பூமாலையால் சொல்ல முடியாது. ஒரு ஆள் பாரம் பக்கத்தில் இருந்தால்தான் ஸ்பிரிங் எப்படி உட்காருகிறது என்று தெரியும். கொட்டகையிலிருந்து ரோட்டுக்குப் போக மேலத்தெரு ஒன்றுதான் வழி. "அம்சு, ஏறு" என்றான்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மேலத்தெருவில் தெற்குத்தெரு ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பார்கள். அந்தத் தெருவில், வாசலுக்கு வாசல் ஆட்கள் எழுந்து நின்று பார்க்க, கார் மெதுவாக ஊர்ந்து போயிற்று. பள்ளத்தில் குலுங்கியபோது அம்சவள்ளி கதவைப் பிடித்துக்கொண்டு, "எம்பக்கம் ஏதோ கடகடங்குது மாமா" என்றாள். அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள். ரோட்டில் ஏறியதும் பூமாலை வேகத்தைக் கூட்டினான். ரெண்டு பக்கமும் முந்திரிக் காடு பின்னால் ஓடியது. கொண்டை அவிழ்ந்து அவள் தலைமயிர் முகத்தில் அடித்தது. ஆண்டிமடம் வரை போய்த் திரும்பி வந்தார்கள்.

சாயங்காலமே நாலு பேர் அமிர்தலிங்கத்திடம் வந்துவிட்டார்கள். "ஒங்க காரு, ஒங்க சீட்டு. அதுல அவ உக்காந்து நம்ம தெருவுல போறா. கேக்க மாட்டீங்களா?" அமிர்தலிங்கம் ஏதோ சொல்லி அனுப்பிவைத்தார். பிறகு பாவாடையைக் கூப்பிட்டார்.

பாவாடை வீட்டுக்கு வந்தபோது மூச்சு வாங்கியது.

"ஆண்டை சொல்லியனுப்பிச்சாரு. நாளைக்கிக் காலையில வண்டிய ஏரி மதகாண்ட கொண்டுபோயி நிறுத்தணுமாம். அவரு கரை மேல நடந்து வந்து ஏறிக்கிறாராம். திரும்பி வரப்பவும் மதகுலயே எறக்கி விட்டுடணும். யாரும் பாக்க மாட்டாங்க. அப்படிப் போயிட்டு வந்துட்டா எடம் ஒனக்குத்தானாம்."

பூமாலை கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "மதகுல ஏறினா அது கார், வாசல்ல ஏறினா கார் இல்லியாப்பா?"

"எனக்கு வெவகாரம் பேசத் தெரியாது. அவரு எறங்கி வந்திருக்காரு. புடிச்சுக்க."

"திருட்டுக் கட்டை ஏத்தற மாதிரி ஒரு மனுசன நான் ஏத்த மாட்டேன். ஏத்துனா அவரு வூட்டு வாசல்ல ஏத்துவேன், எறக்குனாலும் வாசல்லதான் எறக்குவேன். அவருக்கும் அதுதான் மரியாதி, எனக்கும் அதுதான்."

"எடம் போயிரும்டா."

"போவட்டும். வண்டி ஓடுது. அத ஊரே பாத்துச்சு. இந்த முக்கு இல்லன்னா ஜெயங்கொண்டம் முக்கு."

பாவாடை மருமகளைப் பார்த்தார். "நீயாச்சும் சொல்லும்மா. நாப்பது வருஷமா அந்த வூட்டுச் சோறு."

அம்சவள்ளி அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, மெதுவாகத்தான் சொன்னாள். "சும்மா யாரும் போடல மாமா. நாப்பது வருஷம் நீங்க ஒழுதீங்க. அவங்க போட்டாங்க. இப்ப இது என் புருசன் செஞ்ச வண்டி. அதுல யாரு எப்படி ஏறணும்னு செஞ்சவரு சொல்லக்கூடாதா?"

பாவாடை வாசலில் போய்க் குந்திக்கொண்டார். விடிந்ததும் குளித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தனியாக ஆண்டை வீட்டுக்குப் போனார். தொழுவத்து ஓரத்தில் நின்று, மகன் சொன்னதை அப்படியே சொன்னார். ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை. திருட்டுக் கட்டை என்பதையும் சொன்னார்.

அமிர்தலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "யாருகிட்ட என்ன பேசறதுன்னு தெரியாமப் போச்சா அவனுக்கு? வண்டிய உள்ள தள்ளிப் பூட்டச் சொல்லு. ஆடி பொறக்குது, ரெண்டு பேரும் ஏரைப் பூட்டுங்க."

எருமைக்குப் பருத்திக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்த கமலவேணி கையை எடுக்காமலே கேட்டாள். "ஏங்க, தொரை பக்கத்துல உக்காந்து சோழபுரம் போயிட்டு வந்தீங்களே, அன்னிக்கி வந்து குளிச்சீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்னாடி?"

"கேக்கறேன். அந்த மனுசன் மாட்டுக்கறி தின்னதெல்லாம் நம்ம தோப்புலதான். ஒரசிக்கிட்டுப் போயிட்டு வந்து பெருமையாச் சொன்னீங்க. ஒண்ணும் ஒட்டிக்கல. இவன் என்னாத்த ஒட்ட வெச்சிரப் போறான்?"

"ஊருன்னு ஒண்ணு இருக்குல்ல."

"ஊரு அந்த வண்டியில ஏறப் போவுதா? ஆசை ஒங்களுக்கு. ஏழு வருஷமா அந்தக் காத்தப் பத்திக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு. வாக்கு குடுத்ததும் நீங்கதான். போனாப் போங்க, போவலன்னா இரும்புக்காரனுக்குத் தூக்கிக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க." அவள் குழவியை மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். பாவாடை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். போ என்று யாரும் சொல்லாததால் அவர் போகவில்லை.

அமிர்தலிங்கம் முற்றத்துக்கும் தொழுவத்துக்குமாக நடந்தார். ஒரு தடவை வாசல் வரைக்கும் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். எதிர்வீட்டில் நேற்று வந்த நாலு பேரில் ஒருத்தர் வேப்பங்குச்சியோடு நின்றிருந்தார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"பாவாடை, வண்டிய வாசலுக்குக் கொண்டாரச் சொல்லு" என்றார். எதிர்வீட்டுக்காரருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்.

பூமாலை வண்டியைக் கொண்டுவந்து வாசற்கோலத்தை மிதிக்காமல் நிறுத்தினான். இறங்கிப் போய் இடப்பக்கக் கதவைத் திறந்தான். அமிர்தலிங்கம் ஏறி உட்கார்ந்து வேட்டியை ஒதுக்கிக்கொண்டார். பூமாலை இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும் தோள் இடித்தது. ஒதுங்க இடமில்லை. கியரைப் போடும்போது அவன் முழங்கை அவர் தொடையில் பட்டது. அவர் நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தார். தெரு முழுக்க ஒரு சத்தமும் இல்லை, எஞ்சின் சத்தம்தான்.

ஆடிக்காற்று ஆரம்பித்திருந்த நாள். ரோட்டில் ஏறியதும் செம்மண் புழுதி பறந்து வந்து கண்ணில் விழுந்தது. ஜெயங்கொண்டம் சாலை திரும்பியதும் பூமாலை அழுத்தினான். அமிர்தலிங்கம் ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் பூமாலையின் தோளையும் பிடித்துக்கொண்டார். பிடித்ததை வெகுதூரம் விடவில்லை. கண்ணிலிருந்து நீர் ஓடியது. துடைத்துக்கொள்ளவில்லை. "இன்னும் போவுமா?" என்று கத்தினார். "போவும் சார்" என்று அவனும் கத்தினான்.

சோழபுரத்தில் கோயில் மதில் ஓரமாக நிறுத்தினான். கடையில் வாங்கிய நீர்மோரைக் குடித்துவிட்டு அமிர்தலிங்கம் வண்டியைச் சுற்றி வந்தார். ஓட்டும் பக்கத்தில் போய் நின்றார்.

"நான் ஓட்டட்டுமா?"

"ஓட்டுங்க. நான் பக்கத்துல இருக்கேன். கிளட்ச்ச மட்டும் பைய விடுங்க. பதமா விடணும், தக்கை அது."

மதில் ஓரத்திலேயே நாலு தடவை எஞ்சின் அணைந்தது. ஒரு தடவை புளியமரத்தைப் பார்க்கப் போனது. பூமாலை கைபிரேக்கைப் பிடித்து இழுத்தான். அமிர்தலிங்கம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி முயற்சி செய்தார். கியரை அவன் கை வைத்துத் தள்ளிக் கொடுத்தான். அவர் கை அதன்மேல் இருந்தது. கொஞ்சங் கொஞ்சமாக வண்டி அவர் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. வருகிற வழியெல்லாம் அவர்தான் ஓட்டினார். மாட்டுவண்டிக்கு எல்லாம் ஒதுங்கி, ஒதுங்கி, நடையைவிடக் கொஞ்சம் வேகமாக. எதிரே வந்தவர்கள் பண்ணைக்காரர் ஓட்ட, பாவாடை மகன் காலை நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து வருவதைப் பார்த்து நின்றார்கள். அமிர்தலிங்கத்துக்கு அவர்களைப் பார்க்க நேரமில்லை. அவர் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலக்காட்டு முக்கில் திரும்பும்போது ரோட்டோரம் அம்சவள்ளி நின்றுகொண்டிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடப்பாரையால் குழி தோண்டி, ஒரு மூங்கில் கம்பை நட்டு மண்ணை மிதித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே ரெண்டு மூலைக்கு நட்டாயிற்று. பாவாடை மூன்றாவது கம்பைத் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாதவர்போல் காரையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அமிர்தலிங்கம் பிரேக்கை அழுத்தினார். கிளட்சை மறந்துவிட்டார். வண்டி ஒரு குதி குதித்து அவளுக்கு முன்னால் அணைந்து நின்றது.

"யாரு சொல்லி நடுற?" என்றார்.

"யாரும் சொல்லலங்க. மழைக்கி முந்தி கூரை போட்டுரணும்" என்றாள் அம்சவள்ளி. கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை.

அமிர்தலிங்கம் நட்டிருந்த கம்புகளைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். பூமாலையிடம் எதுவும் கேட்காமல் தானே இறங்கி, கம்புக்கும் ரோட்டுக்கும் நடுவே நடந்து பார்த்துவிட்டு வந்தார். தலையெல்லாம் செம்மண்ணாக இருந்தது.

"புடுங்கு இத" என்றார்.

அவள் அசையவில்லை.

"புடுங்கி, இன்னும் உள்ள தள்ளி நடு. ரோட்டு மேலயே ஷெட்டு போட்டா பஸ்ஸு எப்படி வந்து திரும்பும்?"

அம்சவள்ளி கம்பை ஆட்டிப் பிடுங்கினாள். முந்திரிமரம் வரைக்கும் விறுவிறுவென்று நடந்துபோய்த் திரும்பி நின்று, "இங்கயா, இன்னும் உள்ளயா?" என்று கேட்டாள்.